உங்கள் துறைக்கு ஏசி வாங்குவது எப்படி?

ஒரு பல்கலைக்கழகத்தில் எந்தத் துறைக்கு மரியாதை அதிகம் என்று தெரிந்துகொள்ளத் தரவரிசைப் பட்டியலெல்லாம் வேண்டாம். ஏப்ரல் மாத மதியம் இரண்டரை மணிக்கு வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்தக் கட்டடத்தின் பின்பக்கச் சுவரில் பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டுகிறதோ, அந்தத் துறைக்கு மரியாதை அதிகம். உள்ளே ஏசி ஓடுகிறது. சொட்டாத கட்டடங்களில் பேராசிரியர்கள் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொல்காப்பியமோ தத்துவமோ நடத்திக்கொண்டிருப்பார்கள்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் செக்‌ஷனில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். டாக்டர் பட்டம் கிடையாது. ஆனால் டாக்டர்கள் அத்தனை பேரின் செலவுக் கணக்கும் யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்டும் என் மேஜையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஆடிட்டருக்காகக் காத்திருந்த பொழுதுகளில் பக்கத்து நூலகத்தில் கொஞ்சம் படித்தேன். புதிதாகத் துறைத்தலைவர் ஆனவர்கள் இன்றும் வீடு தேடி வந்து, "சார், எங்க டிபார்ட்மெண்ட்டை எப்படியாவது தூக்கி நிறுத்தணும்" என்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லி, ஆளுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

முதல் வேலை, துறையின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பணம் கொடுக்கிறவர் காதில் அது என்னவாக விழும் என்று யோசியுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கச் சமூக அறிவியலாளர்களுக்கு இந்தச் சங்கடம்தான் வந்தது. அவர்கள் 'சோஷியல் சயன்ஸ்' என்று சொன்னால், காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் காதில் 'சோஷலிசம்' என்று விழுந்தது. 1950இல் நேஷனல் சயன்ஸ் ஃபவுண்டேஷனை உண்டாக்கிய சட்டத்தில் சமூக அறிவியலின் பெயரே இல்லை. 'பிற அறிவியல்கள்' என்ற வரிக்குள், கல்யாண வீட்டில் அழைப்பில்லாமல் வந்த தூரத்து உறவு மாதிரி, ஓரமாக நின்றுகொண்டது. பிறகு 'பிஹேவியரல் சயன்ஸ்' என்று பலகையை மாற்றினார்கள். 1951இல் ஃபோர்டு ஃபவுண்டேஷன் அதே பெயரில் ஒரு பிரிவையே திறந்துவிட்டது. புரட்சி பேசுகிறவர்கள் இல்லை, நடத்தையைக் கவனிக்கிறவர்கள்தானே என்று எல்லோருக்கும் நிம்மதி.

பிரிட்டனில் இதே கதை தலைகீழாக நடந்தது. அங்கே 1965 முதல் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் என்று ஒன்று இருந்தது. தாட்சர் அரசின் கல்வி அமைச்சர் கீத் ஜோசஃபுக்கு, இதெல்லாம் அறிவியல்தானா என்று சந்தேகம். ராத்சைல்ட் பிரபுவை வைத்து விசாரித்தார். மூடவேண்டாம் என்று 1982இல் அவர் அறிக்கை கொடுத்தார். 1983இல் உயிரை விட்டுவைத்தார்கள், பெயரிலிருந்த 'அறிவியல்' என்ற சொல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். 'பொருளாதார, சமூக ஆராய்ச்சிக் கவுன்சில்' ஆனது. பொருளாதாரம் என்ற சொல் முன்னால் வந்து உட்கார்ந்ததைக் கவனியுங்கள். அந்த வீட்டில் அதன்பிறகு யார் மூத்த மருமகள் என்று வேறு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஆனால் பெயர்சூட்டுவதில் கெட்டிக்காரர் வாரன் வீவர்தான். அவர் படித்தது கணிதம். 1932இல் ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷனின் இயற்கை அறிவியல் பிரிவுக்குத் தலைவரானார். இயற்பியல்காரர்களின் கருவிகளை உயிரியலுக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். எக்ஸ்-ரே படிகப் படங்களுக்கும் அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜுக்கும் பணம் போனது. 1938 ஆண்டறிக்கையில் இந்த வேலைகளுக்கெல்லாம் சேர்த்து 'மாலிக்யூலர் பயாலஜி' என்று ஒரு பெயரை எழுதினார். அந்தப் பெயரில் துறைகள் பிற்பாடுதான் வந்தன. பிள்ளை பிறந்தது ஆய்வகத்தில். பெயர் விழுந்தது பணம் கொடுத்தவரின் ஆண்டறிக்கையில். வெற்றி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது, டி.என்.ஏ. வரைக்கும் போனது. செடியின் பெயரைச் சொல்லி, அது எந்தக் கரையில் முளைக்கும், எப்போது பூக்கும் என்று சொல்லக்கூடிய தாவரவியல் வாத்தியார்தான் பாவம், எந்தக் கல்லூரியிலும் பழைய மனிதராகிப்போனார்.

பெயர் சரியாகிவிட்டதா? இனி பயத்தைக் கண்டுபிடியுங்கள். 'உலகத்தின் பெரிய கேள்வி எது' என்று தேடுகிற துறைத்தலைவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு ஸ்டெபிலைசர்கூட வந்ததில்லை. பணம் வைத்திருக்கிறவருக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்வது எது என்று தேடியவர்களுக்கு ஜீப்பே வந்தது.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1957 அக்டோபர் 4ஆம் தேதி ரஷ்யா ஸ்புட்னிக்கை வானத்தில் விட்டது. அமெரிக்காவுக்குப் பயம் பிடித்தது. அடுத்த வருஷம் செப்டம்பரில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பணம் கொட்டியது. அதோடு, உலகத்தின் அறியாத மொழிகளையும் கற்றுவைத்துக்கொள்வோம் என்று சட்டத்தின் ஆறாம் பிரிவில் மொழி மையங்களுக்கும் வழி செய்தார்கள். அந்த வழியாகத் தமிழும் உள்ளே போனது. ரஷ்யாக்காரன் வானத்தில் பந்து விட்டதற்கு, பென்சில்வேனியாவிலும் சிகாகோவிலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ழகரத்தோடு மல்லுக்கட்டினார்கள்.

இதைவிட ருசியான கதை கோதுமையுடையது. வயதானவர்களுக்கு பி.எல். 480 என்றால் ரேஷன் கடை வரிசை ஞாபகம் வரும். 1954இல் வந்த அந்த அமெரிக்கச் சட்டப்படி நமக்குக் கோதுமை விற்றார்கள். டாலர் வேண்டாம், ரூபாயாகவே கொடுங்கள் என்றார்கள். ரூபாய் மலைபோல் குவிந்தது. அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் என்ன செய்வது? இங்கேயே செலவழிக்க வேண்டும். அந்தச் செலவுகளில் ஒன்று புத்தகம். 1962இல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தில்லியில் அலுவலகம் போட்டு, இந்திய மொழிகளில் அச்சாவதையெல்லாம் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. தமிழ்ப் புத்தகங்களும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. அந்தக் கோதுமையில் உப்புமா கிளறிய நம் அம்மாக்கள் யாருக்கும், ஒவ்வொரு கரண்டிக்கும் சிகாகோ நூலகத்தில் ஒரு தமிழ் நாவல் அலமாரி ஏறுகிறது என்று தெரியாது. தெரிந்திருந்தால் உப்புமா மேல் கொஞ்சமாவது மரியாதை வந்திருக்கும்.

இதனால் துறையின் மதிப்புக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? இங்கே ஒரு தமிழ் வித்வான் முப்பது வருஷம் ஓர் ஏட்டைப் பதிப்பித்தால் 'புலவர்'. அதே ஏட்டைப் பற்றி அங்கே ஒருவர் ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் எழுதினால் 'சவுத் ஏஷியன் ஸ்டடீஸ்'. அங்கே போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த உள்ளூர் ஆசிரியரைத் துணைவேந்தர் எழுந்து நின்று வரவேற்பார். ஏடு ஒன்றுதான்.

பயத்தில் வளர்ந்த துறைகளுக்கெல்லாம் தலைப்பிள்ளை மக்கள்தொகையியல். அதைப் பாடமாகவே படியுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் அது வீடில்லாத பிள்ளை. புள்ளியியல் வீட்டில் பாதி நாள், சமூகவியல் வீட்டில் பாதி நாள் சாப்பாடு. 1936இல் மில்பேங்க் நினைவு நிதியத்தின் பணத்தில் பிரின்ஸ்டனில் ஓர் ஆய்வு அலுவலகம் கிடைத்தது. போருக்குப் பிறகு நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் ஒரு கணக்கு ஓடியது: ஆசியாவில் ஜனம் பெருகும், பெருகினால் பசி, பசித்தால் கம்யூனிசம். 1952இல் மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் பாப்புலேஷன் கவுன்சிலைத் தொடங்கினார். ஃபோர்டும் அதே காலத்தில் தில்லிக்கு வந்து சேர்ந்தது. 1956இல் ஐக்கிய நாடுகள் சபை, டாட்டா அறக்கட்டளை, இந்திய அரசு மூன்றும் சேர்ந்து பம்பாய் செம்பூரில் ஒரு பயிற்சி மையம் திறந்தன. 1958இல் கோலும் ஹூவரும் இந்தியாவை வைத்து, பிறப்பு குறைந்தால் தலைக்கு வருமானம் எவ்வளவு ஏறும் என்று புத்தகமே போட்டார்கள். நம் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் 1964இல் ஃபோர்டு உதவியோடு கிராமச் சுகாதார, குடும்பநல நிறுவனம் எழுந்தது. ஆத்தூர் வட்டாரத்துப் பெண்களின் பிள்ளைப்பேறு உலகத்தார் படிக்கிற அட்டவணைகளில் ஏறியது.

கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனார்கள். "எத்தனை பிள்ளை போதும்னு நெனைக்கிறீங்க?" "அது ஆண்டவன் கொடுக்கிறதுங்க." இந்தப் பதிலுக்கும் சர்வேயில் ஒரு குறியீட்டு எண் உண்டு. எண்ணாகச் சொல்லாத பதில்கள் என்று தனிக் கட்டம். ஆண்டவன் பஞ்ச் கார்டில் ஒரு துளையானார். பஞ்சாபில் 1950களில் ஹார்வர்டும் ராக்ஃபெல்லரும் நடத்திய கன்னா ஆய்வில் கிராமத்தார் கருத்தடை மருந்தைப் பணிவாக வாங்கிக்கொண்டார்கள், பயன்படுத்தத்தான் இல்லை. பின்னால் அங்கே போன மஹ்மூத் மம்தானி, மருந்துப் பெட்டிகளை அடுக்கி ஒருவர் வீட்டில் சிற்பம் செய்து வைத்திருந்ததைத் தன் 1972 புத்தகத்தில் எழுதினார். அதனால் மக்கள்தொகையியலுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சர்வே பொய்த்தால் அடுத்த சர்வேக்குக் காரணம் கிடைக்கும். அதே கிராமத்தில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க நினைத்த ஆராய்ச்சிக்காரருக்குத்தான் டவுன் பஸ்.

போட்டித் துறையைக் கவிழ்ப்பதற்கும் வழி கேட்பீர்கள், தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன். 1920களில் லண்டனில் மானிடவியலுக்கு இரண்டு கடை. யூனிவர்சிட்டி காலேஜில் எலியட் ஸ்மித், நாகரிகமெல்லாம் எகிப்திலிருந்து பரவியது என்றார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் மாலினோவ்ஸ்கி, இப்போது உயிரோடிருக்கும் ஆப்பிரிக்கச் சமூகங்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்ப்போம், அது நிர்வாகத்துக்கு உபயோகப்படும் என்றார். 1929இல் 'செயல்முறை மானிடவியல்' என்று கட்டுரையே எழுதினார். ராக்ஃபெல்லர் பணம் சர்வதேச ஆப்பிரிக்க நிறுவனம் வழியாக இரண்டாவது கடைக்கு வந்தது. எகிப்துக்காரர்கள் செத்துப்போனவர்கள், செத்தவர்களை நிர்வகிக்கக் கலெக்டர் வேண்டியதில்லை. எலியட் ஸ்மித்தின் கருத்து தப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகவே இருந்திருந்தாலும் அதற்கு ஏசி வந்திருக்காது.

பணமில்லாமல் ஒரு துறையை எழுப்ப முடியாதா என்று ஒரு மேடம் என்னைக் கேட்டார்கள். முடியும். நா. வானமாமலை பாளையங்கோட்டையில் டுடோரியல் கல்லூரி நடத்திச் சாப்பிட்டுக்கொண்டு, கதைப்பாடல்களைத் திரட்டினார். நெல்லை ஆய்வுக்குழுவைக் கூட்டினார். 'ஆராய்ச்சி' என்று பத்திரிகை போட்டார். 1980இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் காலத்தில் தமிழ்த் துறைகளின் முன்வாசலில் சங்க இலக்கியம் உட்கார்ந்திருந்தது. முத்துப்பட்டன் கதை பின்வாசல் வழியாக வந்து திண்ணையில் காத்திருந்தது. பிறகு ஃபோர்டு ஃபவுண்டேஷனுக்கு நாட்டார் வழக்காற்றியல்மேல் கண் விழுந்தது. உடுப்பி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, 1997இல் சென்னையில் ஒரு தேசிய மையம் என்று வரிசையாக. ஒலிநாடா, கேமரா, ஆவணக் காப்பகம், வெளிநாட்டு வல்லுநர்களோடு பட்டறை. பின்வாசல்காரர் முன்வாசலுக்கு வந்தார். இது அமெரிக்கச் சதி என்று சிற்றிதழ்களில் ஒரு தரப்பு எழுதியது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்தப் பணம் வந்திராவிட்டால் பல கூத்துக்காரர்களின் குரல் இன்று இருந்திருக்காது. ஆனால் ஒன்றைக் கணக்கு எழுதுகிறவன் சொல்லலாம்: பணம் வந்தபிறகுதான் முத்துப்பட்டன் ஆராய்ச்சிக்குரியவன் என்று பல்கலைக்கழக செனட்டுக்குத் தெரிந்தது. வானமாமலை சொன்னபோது தெரியவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்திலும் ஒரு பேராசிரியர் இருந்தார். ஒப்பாரி சேகரிப்பவர். அவரிடம் பன்னிரண்டு கேசட்டுகள்; பச்சை நிற ஸ்டீல் பீரோவின் மேல்தட்டில், முகூர்த்தப் புடவைபோல வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். அந்தக் கேசட்டுகளுக்காக அவர் எழுதிய ப்ரொபோசல்கள் அத்தனையும் என் மேஜையில் இன்வர்ட் நம்பர் வாங்கியவை. முதல் தடவை 'தமிழக ஒப்பாரிப் பாடல்கள்: ஒரு தொகுப்பு' என்று எழுதினார். ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். அடுத்தது 'கிராமப்புறப் பெண்களின் அதிகாரப்படுத்தலில் வாய்மொழி வெளிப்பாடு'. கொஞ்சம் வந்தது. சுனாமிக்குப் பிறகு 'பேரிடரும் சமூக மனநலமும்'. கடைசியாக, 'காலநிலை மாற்றச் சூழலில் இழப்பை எதிர்கொள்ளும் சமூகத் தாங்குதிறன்'. அது ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் ஜெயித்தது. ஏசி வந்தது. கேசட்டுகள் அதே பன்னிரண்டுதான்.

அந்த ப்ராஜெக்ட்டில் புதுப் பதிவு எடுக்கவேண்டும் என்று நிபந்தனை. கணக்கு சரிபார்க்க நானும் ஒருநாள் கூடப் போனேன். ஆலமரத்தடியில் ஒரு பாட்டியை உட்காரவைத்து மைக்கைச் சட்டைப் பொத்தான் மாதிரி முந்தானையில் மாட்டினார்கள். ஆராய்ச்சி மாணவி, "பாட்டி, மழை பொய்ச்சுப் போனதைப் பத்தி அழுங்க" என்றாள். பாட்டி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. "மழைக்கெல்லாம் யாருமா ஒப்பாரி வைப்பா? யாராச்சும் செத்திருக்கணும்ல?" என்றது. கடைசியில் முப்பது வருஷத்துக்கு முன்னால் போன தன் தங்கச்சியை நினைத்துப் பாடியது. நல்ல பாட்டு. அறிக்கையில் அது 'வறட்சி சார்ந்த இழப்பு' என்ற தலைப்பில் போனது. பாட்டிக்கு மதிப்பூதியம் இருநூறு ரூபாய்; வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கைநாட்டு வாங்கியவன் நான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். 1964இல் அமெரிக்க ராணுவம் கேமலட் என்று ஒரு சமூக ஆராய்ச்சித் திட்டம் போட்டது. நாடுகளில் உள்கலகம் எப்படி வருகிறது என்று கண்டுபிடிக்க அறுபது லட்சம் டாலர் வரை ஒதுக்கீடு. அமைதி ஆய்வாளர் யோகான் கால்டுங்கைக் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டார். சிலி நாட்டில் விஷயம் வெடித்தது, 1965 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு லத்தீன் அமெரிக்காவில் கேள்வித்தாளோடு எந்த வெளிநாட்டவர் கதவைத் தட்டினாலும் உளவாளியைப் பார்க்கிற பார்வைதான்.

ப்ரொபோசலில் சொற்களை அப்பியபின் கண்காணித்துக்கொண்டே இருங்கள், அவற்றுக்கும் காலாவதி தேதி உண்டு. 2013இல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர்களுக்கு, தேசப் பாதுகாப்புக்கோ பொருளாதார நலனுக்கோ உதவும் என்று சான்று கொடுத்தால்தான் பணம் என்று செனட்டர் கோபர்ன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒரு வருஷம் எல்லோருக்கும் தேசப் பாதுகாப்பில் அக்கறை. பிறகு 'பன்முகத்தன்மை' என்ற சொல்லுக்கு நல்ல காலம் வந்தது. 2025இல் அதே சொல் இருந்த ப்ராஜெக்ட்டுகளைத் தேடித்தேடி நிறுத்தினார்கள். நேற்று நேர்த்திக்கடனாகச் சேர்த்த சொல்லை இன்று ரப்பர் வைத்து அழிக்கவேண்டும். ப்ரொபோசலைப் பென்சிலில் எழுதுவது உத்தமம்.

பணம் நிற்கும் நாளும் வரும். பிரிட்டன் வளர்ச்சி உதவி நிதியிலிருந்து நூற்றைம்பது கோடி பவுண்டு ஒதுக்கி ஓர் உலகச் சவால் ஆராய்ச்சி நிதி தொடங்கியது. கட்டடக்கலைகூட வறுமை ஒழிப்பு என்று எழுதி வாங்கியது. 2021இல் அரசு கையைச் சுருக்கியதும் பாதி வேலையில் நின்றவை பல. பயத்தின் தலைப்பிள்ளைக்கும் அதே கதிதான். 1984 முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள்தொகை, சுகாதார சர்வே நடத்திய அமெரிக்கத் திட்டம் 2025 பிப்ரவரியில் ஓர் உத்தரவில் நின்றது. நம் ஊரில் இன்னொரு படி இருக்கிறது. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 2020 திருத்தப்படி, தில்லி ஸ்டேட் பாங்க்கின் ஒரே கிளையில்தான் முதலில் இறங்கவேண்டும். உலகத்துக் காற்றெல்லாம் ஒரே ஜன்னல் வழியாக வரும். அந்த ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதும் உங்கள் கையில் இல்லை.

எங்கள் ஒப்பாரி ப்ராஜெக்ட் மூன்று வருஷத்தில் முடிந்தது. விதிப்படி கருவிகள் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். ஏசியை ஸ்டாக் ரெஜிஸ்டரில் நானே பெயர் மாற்றிப் பதிவாளர் அறைக்கு அனுப்பினேன். வேறு வழியில்லை, உத்தரவு மேலிருந்து. அது ஜன்னல் ஏசி. போனதும் சுவரில் ஒரு சதுர ஓட்டை. மழைச் சாரல் பீரோவரைக்கும் வந்தது. கன்டிஞ்சென்ஸியில் பாக்கி பூஜ்ஜியம், பலகை வாங்க வழியில்லை. பேராசிரியர், ப்ராஜெக்ட் தொடக்க விழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனரை மடித்து ஓட்டையை அடைத்துவிட்டு, மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் '...ங்குதிறன்' என்கிற எழுத்து மட்டும் தெரியும். காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும்.